170: தோற்றுப்போன ஓர் எண்ணுக்கு மரியாதை

துகள் இயற்பியலைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் வெற்றிக் கதைகளாகவே இருக்கின்றன. 2012ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று, ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகம் ஹிக்ஸ் போசானை ஒத்த துகள் ஒன்றைக் கண்டதாக அறிவித்தது. நம் இதழ்கள் 'கடவுள் துகள்' என்று அதனைக் கொண்டாடின. லியோன் லெடர்மன் 1993இல் தம் நூல் ஒன்றுக்கு இட்ட தலைப்பு அது. இயற்பியலாளர்களிற் பலர் கூசிய அப்பெயரே நம்மிடம் நிலைத்தது. அத்துகளின் நிறை ஏறத்தாழ 125 ஜிகா எலக்ட்ரான்வோல்ட், அதாவது புரோட்டானைப் போல் சுமார் 133 மடங்கு, என்ற செய்தியும் உடன் வந்தது. அந்த எண் யாரை வாழவைத்தது, யாரை வீழ்த்தியது என்ற செய்தி வரவில்லை.

வீழ்ந்தவர்களுள் ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை. அவர் எளியவர் அல்லர். 1982ஆம் ஆண்டுக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் அலென் கோன். அவரும் அலி சம்சுத்தீனும் மடில்டே மார்க்கோலியும் சேர்ந்து 2006இல் முன்வைத்த கணிப்பின்படி, ஹிக்ஸ் துகளின் நிறை ஏறத்தாழ 170 ஆக இருக்க வேண்டும். 2008 ஆகஸ்டில், சிகாகோவை அடுத்த ஃபெர்மி ஆய்வகத்தின் டெவட்ரான் முடுக்கியில் இயங்கிய இரு சோதனைக் குழுக்களும் தம் தரவுகளை ஒன்றிணைத்து ஒரு முடிவை அறிவித்தன. ஹிக்ஸ் துகள் எங்கே இருக்கிறது என்று அவர்களால் அப்போது சொல்ல இயலவில்லை. எங்கே இல்லை என்று மட்டும் 95 விழுக்காட்டு உறுதியுடன் சொல்ல முடிந்தது. அவர்கள் விலக்கிய எண் 170. கோன் தம் ஏமாற்றத்தை மறைக்கவில்லை.

இத்தோல்வி நம் மரியாதைக்குரியது என்பது என் முதல் துணிபு. அதன்பின் நிகழ்ந்த மீட்பு அதே அளவு மரியாதைக்குரியதன்று என்பது இரண்டாவது. இரண்டையும் நிறுவ, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

*

மூன்றை ஐந்தால் பெருக்கினாலும் ஐந்தை மூன்றால் பெருக்கினாலும் விடை ஒன்றே. பள்ளிப் பாடநூல் இதனைப் பரிமாற்றுப் பண்பு என்கிறது. வரிசை பொருட்டல்ல என்பதே இதன் சாரம். சொற்களின் உலகில் இப்பண்பு இல்லை என்பதை நாம் அறிவோம். வீட்டுத் தோட்டமும் தோட்ட வீடும் ஒன்றல்ல. சொற்கள் அவையே, வரிசை மாறியதும் பொருள் மாறிவிட்டது. ஒரு புத்தகத்தை மேசைமேல் வைத்து முதலில் வலப்புறமாகவும் பின்னர் முன்புறமாகவும் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். அதே திருப்பங்களை வரிசை மாற்றிச் செய்தால் புத்தகம் வேறு நிலையில் கிடக்கும். கணிதத்தில் அணிகளின் பெருக்கலும் இத்தகையதே.

1925இல் ஹைசன்பர்க் அணுவின் கணக்கைப் புதிதாக எழுதியபோது, துகளின் இடமும் உந்தமும் இவ்வாறு வரிசை மாற்ற இயலாத கணியங்களாக வந்து நின்றன. அவை அணிகளே என்று கண்டுகொண்டவர் மாக்ஸ் போர்ன். கோட்டிங்கனில் உள்ள அவருடைய கல்லறையில் அந்தச் சமன்பாடே பொறிக்கப்பட்டிருக்கிறது.

அடுத்த வினா இயல்பாக எழக்கூடியது. இடமும் உந்தமும் வரிசை மாறாதவை என்றால், இடத்தின் ஆயங்களே ஒன்றோடொன்று வரிசை மாறாதவையாக ஏன் இருக்கக் கூடாது? கிழக்கு மேற்காக எங்கே என்று துல்லியமாகக் கேட்டால், வடக்குத் தெற்காக எங்கே என்பது மங்கிப்போகும் ஒரு வெளி. அங்கே புள்ளி என்ற கருத்துக்கே பொருள் இல்லை. இவ்வெண்ணத்தை 1930இல் ஹைசன்பர்க் ஒரு கடிதத்தில் பையர்ல்ஸுக்கு எழுதினார். பையர்ல்ஸிடமிருந்து பௌலிக்கும், பௌலியிடமிருந்து ஓப்பன்ஹைமருக்கும் சென்ற அது, இறுதியில் அவருடைய மாணவர் ஹார்ட்லாண்ட் ஸ்னைடரிடம் போய்ச் சேர்ந்தது. 1947இல் ஸ்னைடரின் கட்டுரை வெளிவந்தது. புலக்கோட்பாட்டின் கணக்குகளில் முளைத்த முடிவிலிகளை ஒழிப்பதே அன்றைய நோக்கம். புள்ளியே இல்லையென்றால் புள்ளியில் வெடிக்கும் முடிவிலியும் இராது அல்லவா?

ஆனால் அதே ஆண்டுகளில் டோமோனாகா, ஷ்விங்கர், ஃபெயின்மன், டைசன் ஆகியோர் முடிவிலிகளை வேறு வழியில் அடக்கிவிட்டார்கள். மறு இயல்பாக்கம் என்ற அந்த முறை பரிசோதனையோடு வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்தியது. தேவை நீங்கியதும் ஸ்னைடரின் வெளி மறக்கப்பட்டது. கருத்துகள் பொய்யாகி மறைவதைக் காட்டிலும் தேவையற்றுப் போய் மறைவதே மிகுதி என்பதற்கு இது ஒரு சான்று.

*

இனிச் சமச்சீர் முறிவு. இதற்கு 1954ஆம் ஆண்டின் ஒரு கருத்தரங்கிலிருந்து தொடங்குவது பொருத்தம். பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் சென் நிங் யாங், தாமும் ராபர்ட் மில்ஸும் கண்ட கோட்பாட்டை விளக்கிக்கொண்டிருந்தார். மின்காந்தப் புலத்தின் சமச்சீர்மையை விரிவாக்கி, அணுக்கரு விசைகளுக்கும் அதே தன்மையுள்ள புலங்களை அமைக்கும் முயற்சி அது. அவையில் இருந்த பௌலி இடைமறித்தார். இந்தப் புலத்தின் துகளுக்கு நிறை என்ன என்று கேட்டார். யாங்கிடம் விடை இல்லை. பௌலி விடவில்லை. பேச்சு நின்றுபோகும் நிலை வந்தது. ஓப்பன்ஹைமர் தலையிட்டே யாங்கைத் தொடரச் செய்தார்.

பௌலியின் வினா நேர்மையானது. சமச்சீர்மை அத்துகளுக்கு நிறை கூடாது என்றது. நிறையற்ற துகளாயின் அவ்விசை ஒளியைப் போல் நெடுந்தொலைவு பரவ வேண்டும். அப்படி ஒரு விசையும் அணுக்கருவிலிருந்து பரவுவதாகத் தெரியவில்லை. கோட்பாடு அழகியது, உலகம் அதற்கு இணங்கவில்லை.

விடை வரப் பத்தாண்டுகள் ஆயின. இரும்பை 770 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் காந்தத்தன்மை போய்விடும். எத்திசைக்கும் தனிச்சிறப்பு இராது. ஆற விட்டால், அதன் ஒவ்வொரு பகுதியும் ஏதேனும் ஒரு திசையைத் தெரிந்துகொண்டு காந்தமாகிறது. விதிகள் எல்லாத் திசைகளையும் சமமாகவே நடத்துகின்றன. இரும்பின் நிலைதான் ஒரு திசையைச் சார்ந்துவிடுகிறது. இதுவே தன்னியல்பான சமச்சீர் முறிவு. மீக்கடத்திகளை ஆராய்ந்த யோய்ச்சிரோ நாம்பு 1960இல் இக்கருத்தைத் துகள் இயற்பியலுக்குக் கொண்டுவந்தார். 1964இல் ஆங்லேர், ப்ரௌட் இருவரும், தனியே ஹிக்ஸும், சற்றுப் பின்னர் குரால்னிக், ஹேகன், கிப்பிள் மூவரும், இம்முறிவினால் யாங்-மில்ஸ் வகைத் துகள்கள் நிறை பெற முடியும் என்று காட்டினார்கள். ஹிக்ஸின் இரண்டாவது கட்டுரையை முதலில் அனுப்பிய இதழ் ஏற்கவில்லை. வேறோர் இதழுக்கு அனுப்புமுன் அவர் சேர்த்த பகுதியில்தான், நிறையுள்ள ஒரு புதுத் துகள் எஞ்சும் என்ற குறிப்பு இடம்பெற்றது. 1967இல் வைன்பர்க்கும் மறு ஆண்டு அப்துஸ் சலாமும் இதனை வலுக்குறை விசைக்குப் பொருத்தினார்கள். 1983இல் டபிள்யூ, இசட் துகள்கள் செர்னில் கிடைத்தன. அவற்றின் நிறைகள் சுமார் 80உம் 91உம் ஆக இருந்தன. ஹிக்ஸ் துகள் மட்டும் 2012வரை காத்திருக்க வைத்தது.

*

இவ்வளவு வெற்றியிலும் ஓர் ஒட்டு வேலை தெரியும். மற்றப் புலங்கள் சமச்சீர்மையின் தேவையால் வருகின்றன. ஹிக்ஸ் புலமோ வேண்டும் என்பதற்காகக் கையால் வைக்கப்பட்டது. அதன் ஆற்றல் வளைவின் வடிவமும் முறிவு நிகழ வேண்டும் என்பதற்காகத் தெரிவு செய்யப்பட்டதே. அதன் நிறை எவ்வளவு என்பதைக் கோட்பாடு சொல்லவில்லை. அளந்துதான் அறிய வேண்டியிருந்தது.

கோன் இங்குதான் நுழைகிறார். வரிசை மாறாத இயற்கணிதத்தைக் கொண்டு வடிவியலையே மறுபடி எழுதியவர் அவர். அவருடைய மாதிரியில் காலவெளி நாம் அறிந்ததே. ஆயின் அதன் ஒவ்வொரு புள்ளியிலும் முடிவுற்ற ஒரு சிறு உள்வெளி ஒட்டியிருக்கிறது. சிக்கலெண்கள், 1843இல் ஹாமில்டன் கண்ட குவாட்டர்னியன்கள், மூன்றுக்கு மூன்று அணிகள் ஆகியவற்றால் ஆன இயற்கணிதம் அந்த உள்வெளியை விவரிக்கிறது. எளிமைப்படுத்திச் சொன்னால், உலகம் ஒரே தாளன்று. மிக நெருக்கமாக வைத்த இரு தாள்கள். தாளின்மேல் நகர்ந்தால் நாம் அறிந்த விசைப்புலங்கள் வருகின்றன. ஒரு தாளிலிருந்து மற்றதற்குத் தாவும் திசையில் பார்த்தால், அங்கே ஹிக்ஸ் புலம் நிற்கிறது. இரு தாள்களுக்கும் இடையே உள்ள தொலைவையே அது அளக்கிறது. சமச்சீர்மையை முறிக்கும் ஆற்றல் வளைவும் கணக்கிலிருந்து தானே வருகிறது. யாரும் வைக்க வேண்டியதில்லை.

1990 வாக்கில் ஜான் லாட்டுடன் தொடங்கி, பின்னர் சம்சுத்தீனுடன் கோன் வளர்த்த இக்கட்டுமானத்தைப் படிக்கும் எவருக்கும் ஒரு சிலிர்ப்பு ஏற்படும். ஒட்டு வேலை என்று கருதப்பட்டது உலகின் வடிவமே என்று ஆகிவிடுகிறது. மேலும், மிக உயர்ந்த ஆற்றலில் விசைகளின் வலிமைகளுக்கும் ஹிக்ஸ் புலம் தன்னோடு தான் வினைபுரியும் வலிமைக்கும் இடையே ஒரு தொடர்பை இவ்வடிவியல் விதிக்கிறது. இடைப்பட்ட ஆற்றல்களில் புதிதாக எதுவும் இல்லை என்று கொண்டு, அத்தொடர்பை நம் ஆய்வகங்களின் ஆற்றலுக்கு இறக்கினால் ஓர் எண் கிடைக்கும். அதுவே 170.

அந்த எண்ணைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்பதை எண்ணிப் பாருங்கள். அழகான கணிதமாகவே அது பாராட்டப்பட்டு நிலைத்திருக்கும். ஹிக்ஸ் துகளை அளக்கக் கருவிகள் தயாராகிக்கொண்டிருந்த வேளையில் எண்ணை அச்சிட்டு வெளியிட்டார்கள். அளவீட்டிற்குப் பின் விளக்கம் தருவது எளிது. முன்னரே எண்ணைச் சொல்வது தன்னைத் தானே பணயம் வைப்பது. அந்தப் பணயத்தில் தோற்றார்கள். எப்போதும் சரியாகவே இருக்கும்படி தம்மை அமைத்துக்கொண்ட கோட்பாடுகளை விட இத்தோல்வியை நான் உயர்வாகக் கருதுகிறேன்.

*

இனி மீட்பு. துகள் 125இல் கிடைத்த 2012ஆம் ஆண்டிலேயே கோனும் சம்சுத்தீனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மீள்திறன் என்ற பொருள்படும் சொல் அதன் தலைப்பிலேயே இருந்தது. தம் சமன்பாடுகளில் 2010இலேயே இருந்த ஒரு புலத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டதாகவும், நியூட்ரினோவின் நிறையோடு தொடர்புடைய அப்புலத்தைக் கணக்கில் கொண்டால் 125 என்ற அளவு கோட்பாட்டோடு ஒத்துப்போவதாகவும் அதில் காட்டினார்கள். மறு ஆண்டு வால்டர் வான் சுயிலெகாமும் சேர்ந்து, கோட்பாட்டின் ஒரு நிபந்தனையைத் தளர்த்தினால் அப்புலம் இயல்பாகவே வருகிறது என்றார்கள்.

இது மோசடியன்று. புலம் உண்மையில் அங்கே இருந்தது. அப்படியெனில் என் தயக்கம் எதன் பொருட்டு?

பௌலியின் வினாவுக்குத் திரும்புவோம். யாங்-மில்ஸ் கோட்பாடும் உலகோடு மோதியது, அதனையும் மீட்டார்கள். ஆதலால் மீட்பே தவறு என்று சொல்லிவிட முடியாது. தோற்ற அன்றே எல்லாவற்றையும் எறிந்துவிட்டிருந்தால் இன்றைய துகள் இயற்பியலே இல்லை. ஆனால் அந்த மீட்பு ஒரு விலை கொடுத்தது. ஹிக்ஸ் துகள் என்ற ஒன்று இருந்தாக வேண்டும் என்றது. டபிள்யூ, இசட் துகள்களின் நிறைகளைத் தொடர்புபடுத்தியது. புதிய இடங்களில் மறுபடி தோற்கும் வாய்ப்பைத் தானே ஏற்படுத்திக்கொண்டது. கோனின் மீட்போ, நம் முடுக்கிகளுக்கு எட்டாத ஆற்றலில் ஒரு புலத்தை வைக்கிறது. 125 ஒத்துப்போகிறது என்கிறது. 125ஆகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. முன்பு ஓர் எண். இப்போது ஓர் இணக்கம். இவை இரண்டும் ஒரே தரத்தவை அல்ல.

எனவே என் அளவுகோல் இது: ஒரு கோட்பாடு தோற்றபின் திருத்தப்படலாம், திருத்தம் எதையேனும் புதிதாகப் பணயம் வைக்கிறதா என்று கேட்க வேண்டும். வைத்தால் அது பொறுமை. வைக்காவிட்டால் பிடிவாதத்துக்கு ஒரு நாகரிகப் பெயர்.

எண் சரியாக அமைவது மட்டுமே போதுமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஷபோஷ்னிகோவும் வெட்டரிக்கும் ஈர்ப்பு விசையைப் பற்றிய வேறோர் எடுகோளிலிருந்து, 2010இல் வெளியான கட்டுரையில், ஹிக்ஸ் நிறை சுமார் 126 என்று கணித்திருந்தார்கள். சில அலகுகள் முன்பின்னாகலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். எண் பொருந்தியது. அதனால் அவர்களுடைய எடுகோள் நிறுவப்பட்டுவிட்டதாக யாரும் கொள்ளவில்லை, கொள்ளவும் கூடாது. சரியான எண் ஒரு கோட்பாட்டுக்கு மேலும் கேட்கப்படும் உரிமையைத் தருகிறது. அவ்வளவே.

*

பரிமாற்றுப் பண்பற்ற வெளிக்குக் கோன் மட்டுமே உரிமையாளர் அல்லர். ஸ்னைடரின் நேரடி வாரிசுகள் வேறு பாதையில் சென்றார்கள். 1995இல் டோப்ளிகர், ஃபிரடன்ஹாகன், ராபர்ட்ஸ் மூவரும், ஓர் இடத்தை மிக நுட்பமாக அளக்க முயன்றால் அங்கே குவியும் ஆற்றலே கருந்துளையாகிவிடும், ஆகவே பிளாங்க் நீளத்தில் ஆயங்கள் மங்கலாகத்தான் வேண்டும் என்று வாதிட்டார்கள். 1999இல் சைபெர்க்கும் விட்டனும் இழைக் கோட்பாட்டின் ஓர் எல்லையில் இத்தகைய புலக்கோட்பாடு எழுவதைக் காட்டியதும் துறை சூடுபிடித்தது.

அடுத்து நிகழ்ந்தது எதிர்பாராதது. ஷிராஸ் மின்வாலா, வான் ராம்ஸ்டாங்க், சைபெர்க் ஆகியோர் 2000இல் வெளியான கட்டுரையில், முடிவிலிகள் ஒழியவில்லை, இடம் மாறி ஒளிந்துகொண்டன என்று காட்டினார்கள். ஒரு திசையில் சுருக்கினால் மறு திசையில் விரியும் வெளியில், மிகச் சிறியது மிகப் பெரியதோடு பின்னிக்கொள்கிறது. நுண்ணுலகை முழுதும் அறியாமலே பேருலகைக் கணக்கிடலாம் என்பது இயற்பியலின் அன்றாட நம்பிக்கை. அது இங்கே ஆட்டம் கண்டது. கப்சரும் சோந்தியும் 2001இல் இதனைச் சமச்சீர் முறிவுக்குக் கொண்டுசென்றார்கள். இவ்வெளியில் வரிசை மாறாமையின் அளவு வலுவாக இருந்தால், குளிரும் புலம் இரும்பைப் போல் எங்கும் ஒரே மதிப்பை எடுப்பதில்லை. ஏறி இறங்கும் பட்டைகளாக உறைகிறது. எல்லா இடமும் சமம் என்ற சமச்சீர்மையே அங்கு முறிகிறது. பின்வந்த கணினிக் கணக்கீடுகளிலும் அப்பட்டைகள் தென்பட்டன. நம் உலகம் அப்படி இல்லை. ஆயினும் நம் உலகம் ஏன் அப்படி இல்லை என்று கேட்க அது கற்பித்தது.

பணயம் வைக்கும் பண்பும் இத்துறையில் அற்றுப்போகவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அல்லாடி ராமகிருஷ்ணனிடம் ஆய்வு செய்து, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஏ. பி. பாலச்சந்திரனும் அவருடைய கூட்டாளிகளும் 2005 முதல் ஒரு துணிவான முடிவை முன்வைத்தார்கள். காலவெளியில் பரிமாற்றுப் பண்பு இல்லையெனில், ஒரே நிலையில் இரு எலக்ட்ரான்கள் இருக்கலாகாது என்ற பௌலியின் விதியும் மிக அரிதாக மீறப்படலாம் என்பதே அது. இத்தாலியின் கிரான் சாசோ மலையடி ஆய்வகத்தில், ரோமானியர் காலத்து ஈயத்தை எடுத்து வைத்து, விலக்கப்பட்ட தாவலின் எக்ஸ் கதிர் வருகிறதா என்று காத்திருந்தார்கள். வரவில்லை. 2022இல் வெளியான அம்முடிவு, அத்தகைய மாதிரிகளின் ஒரு வகையைப் பிளாங்க் அளவு வரைக்கும் நெருக்கிவிட்டது. எட்டாத தொலைவில் இருப்பதாக நினைத்த ஒன்றை ஈயத் துண்டால் விசாரிக்க முடிந்தது. கோட்பாடு தன் கழுத்தை நீட்டியதனால்தான் அது முடிந்தது.

*

இலக்கிய வாசகர்களாகிய நாம் இவற்றில் ஏன் அக்கறை கொள்ள வேண்டும்? அழகு என்ற சொல்லை நாம்தான் மிகுதியாகப் புழங்குகிறோம். ஹைசன்பர்க்கின் பெயரைச் சொல்லி எல்லாமே நிச்சயமற்றது என்று எழுதுவதும், புள்ளியற்ற வெளி என்றதும் சூனியத்தை நினைவுகூர்ந்து நம் முன்னோர் அன்றே அறிந்தனர் என்று முடிப்பதும் நம்மிடையே வழக்கம். முன்னோரின் சிந்தனை பெரிதாகவே இருக்கட்டும். அது 170 என்று சொல்லவில்லை. ஆகவே 170இல் தோற்கவும் இல்லை. தோற்க இயலாத ஒன்றை வென்றதாகக் கொண்டாடுவது அதற்கும் பெருமை சேர்ப்பதன்று.

ஒரு கவிதை அழகாக இருந்தால் அது போதும். அதனிடம் வேறு சான்று கேட்பதில்லை. ஒரு கோட்பாடு அழகாக இருந்தால் அதன் சோதனை அங்கே தொடங்குகிறது. கோனின் இரு தாள்களும் இன்றளவும் நான் படித்தவற்றுள் மிக அழகான கருத்துகளில் ஒன்று. நாளை அது உண்மையென்றும் நிறுவப்படலாம். அதுவரை, தமிழில் அதைப் பற்றி எழுதுகிறவர்கள் 125 ஒத்துப்போவதை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. 170ஐயும் சேர்த்தே சொல்ல வேண்டும். அக்கோட்பாடு தன்னை முழுமையாக உலகின் முன் நிறுத்திய கணம் அதுவே.